ஐந்து கிலோமீட்டர் வேகத்தில்

மூன்று வாரமாய்ச் சத்தம் கேட்டது.
வலது முன்சில்லுக்குப் பக்கத்தில்,
குழியில் விழுந்தெழும்போது மட்டும்
யாரோ விரல் மடக்கித் தட்டுவதுபோல்
ஒரு டொக்.
நான் ரேடியோவைக் கூட்டி வைத்தேன்.
சம்பளத்துக்கு இன்னும் ஒன்பது நாள்.
குளிர்கால டயருக்கே கடன் முடியவில்லை.

அன்றும் அப்படித்தான்.
ஏஜாக்ஸில் ஏறி 401-இல் கிழக்கே,
இரவு பத்து மணி, மார்ச் மழை, நூற்றுப் பதினைந்து.
வலப்பக்கம் நீளமாய் ஒரு லொறி,
அதன் சில்லெல்லாம் என் கண்ணாடியில் சேறடிக்க,
ஒரு கையில் ஸ்டியரிங்,
மறுகையில் சம்பல் வைத்துச் சுருட்டிய ரொட்டி.

போர்ட் ஹோப். முதியோர் இல்லத்தின் பின்வாசல்.
குப்பைத் தொட்டிக்கும் கறுத்த பனிக்குவியலுக்கும் நடுவே
வழக்கமாய் நான் விடும் இடம்.
ஸ்டியரிங்கை முழுதாய் ஒடித்தேன்.

பெரிதாய் ஒன்றும் நடக்கவில்லை.
பெருமூச்சு மாதிரி ஒன்று.
கார் ஒரு பக்கம் முழங்காலிட்டது.
இடம் திருப்பினேன், வலம் திருப்பினேன்,
இடது சில்லு மட்டும் சொல் கேட்டது.
வலது சில்லு
யாரையோ பார்த்துக்கொண்டு வெளியே சாய்ந்து கிடந்தது.

முதலில் வந்த நினைப்பு:
வேலைக்கு நாலு நிமிடம் பிந்திவிட்டேன்.
ஓடிப்போய் அட்டை அடித்தேன்.

விடியப்புறம் மூன்று மணிக்கு
பதினான்காம் அறை திருமதி ட்ரஸ்காட்டைப்
புரட்டிப் படுக்க வைக்கையில்
என் கால்கள் நடுங்கத் தொடங்கின.
கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
"உனக்குக் குளிருதா?" என்றாள் அவள்.

காலையில் கராஜ்காரன் லோர்ன்
காரைத் தூக்கி, விளக்கைப் பிடித்துக் காட்டினான்.
இது கிண்ணம். இது பந்து.
உப்பு தின்றுவிட்டது.
எனக்கு விளக்கத் தேவையில்லை;
பதினோரு வருடமாய் இடுப்பு மூட்டுகளோடுதான் என் சீவியம்.
"எந்த வேகத்தில் கழன்றது?"
ஐந்து.
"அதற்கு முன்?"
சொன்னேன்.
அவன் கையைத் துடைத்தான். துடைத்த கையையே திரும்பத் துடைத்தான்.
பிறகு தன் பிளாஸ்கிலிருந்து
எனக்குக் கோப்பி ஊற்றினான்.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது என்பார்கள்.
எனக்குத் தலைப்பாகையும் போகவில்லை.
நாலு நிமிடத்துக்குக் கால்மணிச் சம்பளம் வெட்டினார்கள்,
அவ்வளவுதான்.
சிவகடாட்சம் பிள்ளையாருக்கு நேர்த்தி என்கிறார்.
கண்ணாடியில் தொங்கும் பிள்ளையார் டொலர் கடைப் பிளாஸ்டிக்,
அவரும் என்னோடு சேர்ந்து
அவ்வளவு தூரமும் ஆடிக்கொண்டுதான் வந்தார்.

நடக்காத ஒன்றுக்கு எப்படி அழுவது?
படமில்லை, சாட்சியில்லை,
பொலிஸ் எழுதிய துண்டில்லை.
அறுபது கிலோமீட்டர்
அந்தப் பந்து எதைப் பிடித்துக்கொண்டு வந்தது?
எந்தப் பாலத்தில் விடலாமென்று பார்த்து
எந்தப் பாலத்தில் விடாமல் விட்டது?
அன்று மாலை ஆறு மணிக்கு
அதே காரில், அதே ரோட்டில்
அபிராவை நீச்சலுக்குக் கூட்டிப்போனேன்.
அதை நான் யோசிக்கப் போவதில்லை.

பழைய மூட்டை லோர்ன் ஒரு சிப் பையில் போட்டுத் தந்தான்.
கரண்டிகளோடு கிடக்கிறது.
இழுப்பறையைத் திறந்தால் உருள்கிறது.

இப்போது எண்பதில் ஓடுகிறேன், வலது ஓரமாய்.
லொறிகள் ஹோர்ன் அடித்துத் திட்டிப்போகின்றன.
ரேடியோ இல்லை.
வைப்பர் சத்தம், ஹீட்டர் சத்தம், என் பல் கடிபடும் சத்தம்.

நேற்றிரவு திருமதி ட்ரஸ்காட் சொன்னாள்:
"மாற்றி வைத்த இடுப்பில் ஏதோ தட்டுகிறது.
ஜனவரியிலிருந்து சொல்கிறேன்."
ஏட்டைப் புரட்டினேன்.
ஜனவரி, வழமைபோல். பெப்ரவரி, வழமைபோல்.
பாதிக்கு மேல் என் கையெழுத்து.

தொலைக்காட்சியை நிறுத்தினேன்.
குனிந்து, போர்வைமேல் காதை வைத்து,
"இன்னொருக்கால் மடக்குங்கோ," என்றேன்,
"மெதுவாய்."